அந்நியன் பிடித்த நாட்டில் விசுவாசம் யாருக்கு?

1940 ஜூன் 17. பாரிசுக்குத் தென்மேற்கே சார்த்ர் என்ற ஊர். ஜெர்மானியப் படை அன்றுதான் உள்ளே நுழைந்திருக்கிறது. ஊர்மக்களில் பெரும்பாலோர் மூட்டை முடிச்சோடு தெற்கே ஓடிவிட்டார்கள். மாவட்ட நிர்வாகத்தின் தலைவர், நம் கலெக்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஓடவில்லை. அவர் பெயர் ழான் மூலன்.

ஜெர்மானிய அதிகாரிகள் அவர் முன்னால் ஒரு தாளை நீட்டினார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்த செனகல் வீரர்கள் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றார்கள் என்று அதில் எழுதியிருந்தது. உண்மையில் அந்தப் பெண்களும் குழந்தைகளும் குண்டுவீச்சில் இறந்தவர்கள். கையெழுத்துப் போட முடியாது என்றார் மூலன். மணிக்கணக்கில் அடித்தார்கள். இரவு ஓர் அறையில் தள்ளிப் பூட்டினார்கள். இன்னொரு நாள் அடி தாங்க மாட்டோம், விடிந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவோம் என்று அவருக்குப் பயம் வந்தது. தரையில் கிடந்த கண்ணாடித் துண்டை எடுத்துக் கழுத்தை அறுத்துக்கொண்டார். சரியான நேரத்தில் பார்த்துவிட்டதால் பிழைத்தார்.

இதுவரை கேட்டால் வீரக்கதை. அப்புறம் நடந்ததுதான் விஷயம். உடம்பு தேறியதும் அவர் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அதே ஜெர்மானியப் படையோடு பேசிக்கொண்டு, ஜெர்மனியோடு சமரசம் செய்துகொண்ட பிரெஞ்சு அரசின் அதிகாரியாக, மாவட்டத்தை நடத்தினார். நவம்பரில் அந்த அரசே அவரை வேலையைவிட்டு நீக்கியது. பிறகு லண்டனுக்குப் போனார், பாராசூட்டில் திரும்பி வந்தார், சிதறிக் கிடந்த எதிர்ப்புக் குழுக்களை ஒன்றாகக் கட்டினார், 1943 ஜூனில் பிடிபட்டார், சித்திரவதையில் இறந்தார். இன்று பிரான்ஸில் அவர் பெயரில் எத்தனையோ தெருக்களும் பள்ளிகளும் உண்டு.

1940 ஜூனுக்கும் நவம்பருக்கும் நடுவில் அவர் யார்? தியாகியா, எதிரிக்கு வேலை பார்த்தவரா? இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் வராது. ஏன் வராது என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்கப் பார்க்கிறது.

ஆக்கிரமிப்பு என்றால் என்ன

முதலில் சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். அந்நியப் படை ஒரு நாட்டுக்குள் நுழைந்து, அங்கே உண்மையான அதிகாரம் அதன் கைக்குப் போய்விட்டால் அது ஆக்கிரமிப்பு. நாடு அவர்களுக்குச் சொந்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வீட்டுக்குள் ஒருவன் துப்பாக்கியோடு வந்து உட்கார்ந்துவிட்டான், பத்திரம் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. அந்த நிலைதான் இது.

1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் இதை எழுத்தில் வைத்தன. பிடித்த படை பொது ஒழுங்கைக் காக்க வேண்டும். முற்றிலும் முடியாமல் போனாலொழிய, அந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கும் சட்டங்களை மதிக்க வேண்டும். தனக்கு விசுவாசமாக இருப்பதாக அங்குள்ள மக்களைச் சத்தியம் செய்ய வைக்கக் கூடாது. சொந்த நாட்டுக்கு எதிரான போர் நடவடிக்கையில் அவர்களைக் கட்டாயமாக இறக்கக் கூடாது.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்குள் ஒரு முடிச்சு இருக்கிறது. பழைய சட்டமே நீடிக்கிறது, பழைய அலுவலகமே நடக்கிறது என்றால், அங்கே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவும் போலீஸ்காரரும் நீதிபதியும் பழைய ஆட்களேதான். காலையில் அவர்கள் வேலைக்கு வருகிறார்கள், மேசை அதே மேசை. மேலிருந்து வரும் உத்தரவின் மூலம் மட்டும் மாறிவிட்டது. ஆக்கிரமிப்பாளனுக்கு வேண்டியதும் இதுதான். ஒரு நாட்டையே தன் சிப்பாய்களை வைத்து நிர்வாகம் செய்ய எந்தப் படைக்கும் ஆள் போதாது. ரயிலை ஓட்ட, ரேஷன் அட்டை கொடுக்க, வரி வசூலிக்க, திருடனைப் பிடிக்க உள்ளூர்க்காரர் வேண்டும். மொழி தெரிந்தவர், தெரு தெரிந்தவர், யார் வீடு எது என்று தெரிந்தவர்.

ஆகவே ஆக்கிரமிப்பு நடப்பது பீரங்கியால் மட்டும் இல்லை, வருகைப் பதிவேட்டாலும்தான்.

ஒரே கயிற்றின் பல இழைகள்

சாதாரண காலத்தில் 'நாட்டுப்பற்று' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நிறைய இழைகள் தெரியும். மண்ணின் மேல் உள்ள பற்று ஒன்று. அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிவது இன்னொன்று. சட்டம், வேலையின் கடமை, அண்டை வீட்டார், சொந்தக் குடும்பம், மதம், கட்சி என்று ஒவ்வொன்றும் ஓர் இழை. அமைதிக் காலத்தில் எல்லாம் ஒரே திசையில் முறுக்கிக்கொண்டு ஒரே கயிறாகத் தெரியும். அந்நியப் படை வந்ததும் முறுக்குப் பிரிகிறது. ஒவ்வோர் இழையும் ஒவ்வொரு பக்கம் இழுக்கிறது.

தமிழில் நமக்கு இது புதிதல்ல. விபீஷணன் அண்ணனை விட்டு அறத்தின் பக்கம் போனான். கும்பகர்ணன் அண்ணன் செய்தது தப்பு என்று தெரிந்தே செஞ்சோற்றுக் கடனுக்காக நின்று செத்தான். இரண்டு பேரில் யார் துரோகி என்று பட்டிமன்றம் வைத்தால் இன்றைக்கும் தீர்ப்பு எளிதில் வராது. இலங்கையை யாரும் அப்போது பிடித்து ஆளவில்லை என்பது வேறு விஷயம். இழைகள் பிரிவது எப்படி என்பதற்கு இது போதும்.

பிரான்ஸில் அந்த முறுக்கு எப்படிப் பிரிந்தது என்று பார்ப்போம். 1940 மே 10 அன்று ஜெர்மனி தாக்கியது. ஜூன் 14 அன்று பாரிஸ் விழுந்தது. முதல் உலகப்போரின் மாபெரும் வீரரான மார்ஷல் பெத்தேன், 84 வயதில், பிரதமரானார். ஜூன் 22 அன்று போர்நிறுத்த ஒப்பந்தம். நாட்டின் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு ஜெர்மானியப் படையின் கையில். மீதியில் விஷி என்ற நகரத்தில் இருந்துகொண்டு பெத்தேன் அரசு. ஜூலை 10 அன்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடி வாக்களித்தார்கள். பெத்தேனுக்கு முழு அதிகாரம் கொடுக்க 569 பேர், எதிர்ப்பு 80 பேர்.

இப்போது 1940 ஜூலையில் இருக்கும் ஒரு பிரெஞ்சு அதிகாரியின் இடத்தில் நின்று பாருங்கள். சட்டப்படி யார் அரசு? பெத்தேன். நாட்டின் மரியாதைக்குரிய முகம் யார்? அதுவும் பெத்தேன். லண்டனில் இருந்து ஜூன் 18 அன்று பிபிசி வானொலியில் 'போர் முடியவில்லை' என்று பேசிய சார்லஸ் டி கால் யார்? பெரும்பாலோர் பெயர்கூடக் கேட்டிராத ஓர் இளநிலை ஜெனரல். ஆகஸ்டில் ராணுவ நீதிமன்றம் அவருக்கு அவர் இல்லாமலே மரண தண்டனை விதித்தது. காகிதத்தில் பார்த்தால் துரோகி டி கால்தான்.

அது போதாதென்று ஜூலை 3 அன்று, பிரெஞ்சுக் கப்பல்கள் ஜெர்மனியின் கைக்குப் போய்விடும் என்ற பயத்தில், அல்ஜீரியாவின் மெர்ஸ் எல் கெபீர் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கடற்படை அவற்றைச் சுட்டது. ஏறக்குறைய 1,300 பிரெஞ்சு மாலுமிகள் இறந்தார்கள். அவர்களில் ஒருவரின் தம்பியிடம் போய் 'பிரிட்டனோடு சேர்ந்து போராடு, அதுதான் நாட்டுப்பற்று' என்று சொல்லிப் பாருங்கள்.

குடும்ப இழையும் இழுத்தது. 15 லட்சத்துக்கும் அதிகமான பிரெஞ்சுச் சிப்பாய்கள் ஜெர்மனியில் போர்க்கைதிகளாகக் கிடந்தார்கள். அத்தனை வீடுகளில் கணவனோ மகனோ எதிரியின் பிடியில். 1942இல் விஷி அரசு ஒரு பேரத்தை அறிவித்தது: தேர்ந்த தொழிலாளர் மூன்று பேர் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனால் கைதி ஒருவர் வீடு திரும்புவார். எதிரியின் தொழிற்சாலைக்குப் போவது துரோகமா, பக்கத்து வீட்டுக்காரரின் மகனை மீட்டுத் தரும் உதவியா?

அரசு எங்கே போனது?

ஐரோப்பாவில் ஒரே எதிரி பல நாடுகளைப் பிடித்தான். ஆனால் உள்ளே ஏற்பட்ட பிளவு ஒரே அளவில் இல்லை. ஏன் என்று யோசித்தால், என் கணிப்பில், முக்கியமான காரணம் ஒன்றுதான்: படை உள்ளே வந்தபோது அந்த நாட்டின் சொந்த அரசு என்ன செய்தது என்பது.

நார்வேயில் 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மானியர் இறங்கிய அன்றே விட்கூன் குவிஸ்லிங் என்பவர் வானொலி நிலையத்துக்குப் போய், இனி நானே பிரதமர் என்று அறிவித்தார். மன்னர் ஹாகோன் ஒப்புக்கொள்ளவில்லை. குவிஸ்லிங்கை நியமிக்கத்தான் வேண்டும் என்றால் முடி துறப்பேன் என்று தன் அமைச்சர்களிடம் சொன்னார். ஜூனில் மன்னரும் அரசும் லண்டனுக்குப் போனார்கள். விளைவு, ஒரு நார்வேக்காரருக்கு 'சட்டப்படியான அரசு எது' என்ற குழப்பம் அவ்வளவாக இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மொத்தமாகப் பதவி விலகினார்கள். 1942இல், ஜெர்மானியர் அமர்த்திய குவிஸ்லிங் அரசு ஆசிரியர்கள் எல்லோரையும் தன் சங்கத்தில் சேரச் சொன்னபோது, ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் ஒரே வாசகத்தில், தனித்தனியாக, அவரவர் பெயரைப் போட்டு மறுப்புக் கடிதம் எழுதினார்கள். சுமார் 1,100 பேரைக் கைது செய்து, அவர்களில் அறுநூறுக்கும் மேற்பட்டோரை வடகோடியில் உள்ள கிர்கெனெஸ் ஊருக்குக் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். திட்டம் பலிக்கவில்லை. ஆசிரியர்கள் வீடு திரும்பினார்கள். குவிஸ்லிங்கின் பெயரோ பல மொழிகளில் 'துரோகி' என்ற பொதுச்சொல் ஆகிவிட்டது. நாம் எட்டப்பன் என்று சொல்வதில்லையா, அதே மாதிரி.

டென்மார்க்கில் நேர்மாறு. சில மணி நேரத்தில் பணிந்தார்கள். மன்னர் இருந்தார், அரசு இருந்தது, 1943 மார்ச்சில் தேர்தல்கூட நடந்தது. அங்கே ஒத்துழைப்புதான் அரசின் அதிகாரபூர்வக் கொள்கை. ஒத்துழைக்க மறுத்தவர் சொந்த அரசை மீறினார். இந்தக் கொள்கையால் உயிர்ச்சேதம் குறைந்தது உண்மை. ஆனால் 1941இல் கம்யூனிஸ்டுகளைப் பிடித்து அடைத்ததும் டேனிஷ் போலீஸ்தான். அதற்குச் சொந்த அரசியல் சட்டத்தையே மீற வேண்டியிருந்தது. 1943 ஆகஸ்ட் 29 அன்று அரசு பதவி விலகியது. அக்டோபரில் யூதர்களைப் பிடிக்க ஜெர்மானியர் வந்தபோது, மக்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படகில் ஏற்றி சுவீடனுக்குக் கடத்திவிட்டார்கள். பணிந்துபோன அதே நாடுதான் இதையும் செய்தது.

பெல்ஜியத்தின் கதை இன்னும் சிக்கல். அரசு லண்டனுக்குப் போனது, மன்னர் மூன்றாம் லியோபோல்ட் போகவில்லை. 1940 மே 28 அன்று படையோடு சரணடைந்து நாட்டிலேயே கைதியாக இருந்தார். மக்களோடு இருப்பது என் கடமை என்பது அவர் வாதம். எதிரியிடம் சரணடைந்துவிட்டார் என்பது அமைச்சர்களின் வாதம். போர் முடிந்த பிறகும் இது ஓயவில்லை. 1950இல் மன்னர் திரும்பி வரலாமா என்று பொதுவாக்கெடுப்பே வைத்தார்கள். சுமார் 58 சதவீதம் பேர் வரலாம் என்றார்கள். மொழிவாரியாகப் பிரிந்து விழுந்த வாக்கு அது. வந்தார், கலவரம் வெடித்தது, மகனுக்கு வழிவிட்டு 1951இல் முடி துறந்தார்.

நெதர்லாந்தில் அரசியும் அமைச்சர்களும் போய்விட்டார்கள், துறைச் செயலாளர்கள் இருந்தார்கள். அங்கே 1937ஆம் ஆண்டிலேயே அதிகாரிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் எழுதி வைத்திருந்தார்கள். அதன் சாரம்: எதிரி வந்தாலும் மக்கள் நலனுக்காகப் பதவியில் இருங்கள், நீங்கள் இருப்பதால் மக்களைவிட எதிரிக்குத்தான் அதிக லாபம் என்றால் விலகிவிடுங்கள். நியாயமான வாசகம்தான். ஆனால் எந்த நாள், எந்தத் தாளில் கையெழுத்துப் போடும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது என்று யார் சொல்வது?

ஓர் அட்டைப் பெட்டியின் கதை

அந்தத் தராசு எவ்வளவு சத்தமில்லாமல் சாயும் என்பதைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். பாரிஸ் போலீஸ் தலைமையகத்துக்கு வருவோம்.

1940 அக்டோபர். ஜெர்மானிய உத்தரவின்படி பாரிஸ் வட்டாரத்தில் உள்ள யூதர்கள் காவல் நிலையத்துக்கு வந்து பெயரைப் பதிய வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வந்து பதிந்தார்கள். சட்டத்தை மதித்துப் பழகியவர்கள். பலர் பிரான்ஸுக்காகப் போரில் காயம்பட்டவர்கள். பதிவை எடுத்தது பிரெஞ்சு போலீஸ். ஆந்திரே துலார் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் அட்டைகள் தயாராயின. அகரவரிசைப்படி ஓர் அடுக்கு, குடியுரிமைப்படி ஓர் அடுக்கு, தெருவாரியாக ஓர் அடுக்கு, தொழில்வாரியாக ஓர் அடுக்கு. நிர்வாகத் திறமைக்கு நல்ல உதாரணம். அட்டை எழுதிய குமாஸ்தாவிடம் அன்று கேட்டிருந்தால் 'கணக்கெடுப்பு வேலை சார்' என்றுதான் சொல்லியிருப்பார். அப்போது யாரையும் எங்கும் அனுப்பவில்லை.

1942 ஜூலை. அதே அடுக்குகளிலிருந்து, வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்களின் அட்டைகள் உருவப்பட்டன. 27 ஆயிரத்துக்கும் மேல். ஜூலை 16, 17 ஆகிய இரண்டு நாட்களில் பிரெஞ்சு போலீஸார் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். பிடிபட்டவர்கள் சுமார் 13,000 பேர். அதில் நாலாயிரத்துக்கும் மேல் குழந்தைகள். குடும்பமாகப் பிடித்தவர்களை வெலோட்ரோம் திவேர் என்ற சைக்கிள் பந்தய அரங்கில் அடைத்தார்கள். பிறகு முகாம்கள், பிறகு ஆஷ்விட்ஸ் என்ற நாஜிக் கொலைமுகாம்.

27 ஆயிரம் அட்டை, 13 ஆயிரம் கைது. நடுவில் இருக்கும் அந்தப் பதினாலாயிரம் பேர் எங்கே? சேதி முன்கூட்டியே கசிந்துவிட்டது. கசிந்த வழிகளில் ஒன்று போலீஸ்தான். சிலர் முந்தின நாளே வந்து காதில் போட்டுவிட்டுப் போனார்கள். சிலர் கதவைத் தட்டி, மூட்டை கட்டுங்கள், ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேண்டுமென்றே தாமதித்தார்கள். அதே சீருடைதான், அதே சம்பளம்தான். நான்சி நகரத்தில் வெளிநாட்டவர் பிரிவின் போலீஸார் பட்டியலில் இருந்தவர்களைத் தேடிப்போய் எச்சரித்து, பெரும்பாலோரைத் தப்ப வைத்தார்கள்.

ஒரே அலுவலகத்தில் அட்டை எழுதியவர், அதை உருவியவர், கதவைத் தட்டியவர், சேதி சொன்னவர் எல்லோரும் இருந்தார்கள். சில சமயம் ஒரே ஆள் திங்கட்கிழமை ஒன்றும் செவ்வாய்க்கிழமை இன்னொன்றும் செய்திருப்பார். இந்த விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: ஆக்கிரமிப்பின் கீழ் விசுவாசம் என்பது மனசுக்குள் யாரை நேசிக்கிறோம் என்பதைவிட, கையில் இருக்கும் வேலை யார் உத்தரவை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதில்தான் வெளிப்படுகிறது. ஜெர்மானியரை மனசார வெறுத்துக்கொண்டே அவர்களுக்கு மிகவும் பயன்பட்டவர்கள் ஏராளம்.

பிரெஞ்சு அரசு இதை ஒப்புக்கொள்ள ஐம்பது ஆண்டுக்கும் மேல் ஆனது. 1995இல் அதிபர் ழாக் சிராக்தான், அந்தக் குற்றத்தில் பிரெஞ்சு அரசுக்கும் பங்கு உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னார்.

ஒத்துழைத்தவர்களிலும் பல ரகம்

'ஒத்துழைப்பு' என்ற சொல்லே இந்த அர்த்தத்தில் கெட்டுப்போனது 1940 அக்டோபரில்தான். மோந்துவார் என்ற சிற்றூரில் பெத்தேன் ஹிட்லரோடு கைகுலுக்கினார். சில நாள் கழித்து வானொலியில், நான் ஒத்துழைப்பின் பாதையில் இறங்குகிறேன் என்றார். அதுவரை அது சாதாரணச் சொல்.

ஜெர்மானியச் சிப்பாய்க்கு ரொட்டி விற்ற கடைக்காரரை இதில் சேர்ப்பதா? அவனுக்கு விற்காவிட்டால் கடை இருக்காது. ஜெர்மானியப் படைக்குக் கடலோரக் காவற்சுவர் கட்டிக் கொடுத்துப் பணக்காரரான ஒப்பந்தக்காரர் வேறு ரகம். ஒரு மார்க்குக்கு 20 பிராங்க் என்று ஜெர்மனி தனக்குச் சாதகமாக விகிதம் வைத்து, ஆக்கிரமிப்புச் செலவு என்று நாளொன்றுக்கு 40 கோடி பிராங்க் கறந்தது. அந்தப் பணம் மறுபடி உள்ளூரில்தான் செலவானது, அதில் கொழுத்தவர்கள் உண்டு. அரசாங்க ரகம் தனி: நாம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அவர்கள் கொஞ்சம் விடுவார்கள் என்ற பேரக் கணக்கு. பெத்தேன் கடைசிவரை, நான் நாட்டுக்குக் கேடயமாக இருந்தேன் என்றே வாதிட்டார். ஆனால் யூதர்களை வேலைகளிலிருந்து விலக்கும் சட்டத்தை 1940 அக்டோபரிலேயே விஷி அரசு தானாகவே போட்டது. கேடயம் யாரைக் காத்தது என்பதைப் பட்டியலில் இருந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியில் நம்பிக்கையோடு போனவர்கள்: நாஜிக் கொள்கையே சரி என்று நினைத்தவர்கள், 1943 ஜனவரியில் உருவான மிலீஸ் என்ற துணைப்படையில் சேர்ந்து சொந்த ஊர்க்காரரை வேட்டையாடியவர்கள். இவர்களை இழைக் கணக்கெல்லாம் போட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியம் குறைவு.

எதிர்த்தவர்களும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் இல்லை. ஹிட்லருக்கும் ஸ்டாலினுக்கும் ஒப்பந்தம் இருந்தவரை பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுக் கட்சி ஜெர்மனியை நேரடியாக எதிர்க்கத் தயங்கியது. உறுப்பினர்களில் சிலர் கட்சியை மீறி முன்பே இறங்கினார்கள். 1941 ஜூன் 22 அன்று சோவியத் யூனியன் தாக்கப்பட்ட பிறகு அதே கட்சி முன்வரிசையில் நின்றது. பின்னால் அதிபரான பிரான்சுவா மித்தரான் முதலில் விஷி அரசில் வேலை பார்த்து, அதன் பதக்கமும் பெற்று, பிறகு எதிர்ப்பு இயக்கத்தில் இயங்கியவர். இன்னொரு பெரிய கூட்டம் கொள்கையால் வந்ததே இல்லை. 1943 பிப்ரவரியில் இளைஞர்களை ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பும் சட்டம் வந்ததும், போக மனமில்லாத பையன்கள் காட்டுக்கும் மலைக்கும் ஓடினார்கள். அவர்களில் ஒரு பகுதி கெரில்லாக்கள் ஆனார்கள். வீரம் பிறகு வந்தது, முதலில் வந்தது அழைப்பாணை.

எந்த அந்நியன்?

இதுவரை சொன்னதெல்லாம் ஏற்கெனவே சுதந்திரமாக இருந்த நாடுகள். காலனி நாடுகளில் கணக்கு தலைகீழ். ஒரு அந்நியன் இருக்கும் இடத்துக்கு இன்னொரு அந்நியன் வருகிறான். முதலாமவனுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பர்மாவில் ஆங் சான் 1942இல் ஜப்பானியப் படையோடு சேர்ந்து பிரிட்டிஷாரை விரட்ட வந்தார். 1943 ஆகஸ்டில் ஜப்பான் கொடுத்த பெயரளவு சுதந்திரத்தில் போர் அமைச்சர். அந்த 'சுதந்திரம்' வெறும் பெயர்தான் என்று தெரிந்ததும், 1945 மார்ச் 27 அன்று துப்பாக்கியை ஜப்பான் பக்கம் திருப்பினார். பிரிட்டிஷ் கண்ணில் அவர் முதலில் துரோகி, அப்புறம் கூட்டாளி. பர்மியர் கண்ணில் இரண்டு முறையும் தேசபக்தர். ஆனால் பர்மியர் என்று எல்லோரையும் ஒன்றாகச் சொல்லிவிட முடியாது. கரேன் இனத்தவரில் பலர் பிரிட்டிஷ் படையில் இருந்தவர்கள், பிரிட்டிஷாரைத் தங்களுக்குப் பாதுகாப்பு என்று கருதியவர்கள். 1942இல் ஐராவதி முகத்துவாரத்தில் பர்மியப் படைக்கும் கரேன்களுக்கும் நடந்த மோதலில் கரேன் கிராமத்தவர் பலர் கொல்லப்பட்டனர். அந்தக் காயத்தின் தொடர்ச்சியை இன்றைய மியான்மரிலும் பார்க்கலாம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தபோது பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களின் முன்னும் இதே கேள்வி நின்றது. சத்தியம் செய்தது பிரிட்டிஷ் மன்னருக்கு, நாடோ இந்தியா. ஒரு பகுதியினர், ஜப்பான் துணையோடு பிரிட்டிஷாரை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், மற்றவர்கள் சத்தியத்தை மீற மறுத்து முகாமில் கஷ்டப்பட்டார்கள். 1945 நவம்பரில் தில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர் மீது நடந்த விசாரணையில் குற்றச்சாட்டு, மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தது. தண்டனை விதித்தார்கள், ஆனால் நாடே கொதித்ததால் 1946 ஜனவரியில் அதை ரத்து செய்துவிட்டார்கள். இதே காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் அள்ளிக்கொண்டு போன தமிழ்த் தொழிலாளர்கள் சயாம் மரண ரயில் பாதையில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஒரு தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டுக்கு ஜப்பானியப் படை விடுதலைக்குத் துணை. அடுத்த வீட்டுக்கு எமன்.

பிலிப்பீன்ஸில் ஜப்பானியர் காலத்தில் அதிபராக இருந்தவர் ஹோசே லாரெல். போருக்குப் பிறகு தேசத்துரோக வழக்கு வந்தது. 1948இல் அதிபர் மானுவல் ரோஹாஸ் பொதுமன்னிப்பு கொடுத்தார். அவரும் ஜப்பானியர் கால நிர்வாகத்தில் பங்கு வகித்தவர்தான். 1949 தேர்தலில் லாரெல் அதிபர் பதவிக்கு நின்று கணிசமான வாக்குகளும் வாங்கினார்.

கணக்குத் தீர்க்கும் நாள்

படை போன பிறகு சமூகம் ஒரு நேரான கோடு போட ஆசைப்படும். பிரான்ஸில் விடுதலையை ஒட்டிய நாட்களில் விசாரணையின்றியே ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். ஜெர்மானியரோடு பழகியதாகச் சொல்லி சுமார் 20,000 பெண்களின் தலையைத் தெருவில் வைத்து மழித்தார்கள். மழித்த கையில் சில, நேற்றுவரை சும்மா இருந்த கைகள். பெத்தேனுக்கு மரண தண்டனை விதித்து, வயதைக் கருதி டி கால் அதை ஆயுள் தண்டனையாக்கினார். பிரதமராக இருந்த லாவலைச் சுட்டார்கள். யூத அட்டைகளை அடுக்கிய துலாருக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை.

1949 ஜெனீவா ஒப்பந்தம் இந்த அனுபவங்களுக்குப் பிறகு எழுதியது. மனசாட்சி காரணமாகப் பணியைச் செய்ய மறுக்கும் அதிகாரியையோ நீதிபதியையோ ஆக்கிரமிப்பாளர் தண்டிக்கக் கூடாது என்று அதில் ஒரு பிரிவு உண்டு. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் தர்மசங்கடத்தைச் சட்டம் பார்த்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

கடைசியாக, எந்தக் கோட்டுக்குள்ளும் அடங்காத ஒன்று. ஜெர்மனி-பிரான்ஸ் எல்லையில் உள்ள அல்சாஸ் பகுதி 1871இல் ஜெர்மனிக்குப் போனது, 1918இல் பிரான்ஸுக்கு வந்தது, 1940இல் மறுபடி ஜெர்மனி விழுங்கிக்கொண்டது. 1942 ஆகஸ்டிலிருந்து அங்குள்ள இளைஞர்களை ஜெர்மன் படையில் கட்டாயமாகச் சேர்த்தார்கள். அல்சாஸிலும் பக்கத்து மொசேலிலுமாகச் சுமார் 1,30,000 பேர். ஓடினால் பெற்றோரைப் பிடித்து நாடு கடத்துவார்கள். 'நம் விருப்பத்துக்கு மாறாக' என்று பொருள்படும் சொல்லால் அவர்கள் தங்களை அழைத்துக்கொண்டார்கள்.

1944 ஜூன் 10 அன்று நடுபிரான்ஸில் ஒராதூர் சுர் கிளான் என்ற கிராமத்துக்குள் நாஜிகளின் எஸ்எஸ் படை நுழைந்தது. ஆண்களைக் கொட்டகைகளில் சுட்டது, பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்தில் அடைத்துக் கொளுத்தியது. 640க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1953இல் போர்தோ நகரத்தில் விசாரணை நடந்தபோது குற்றவாளிக் கூண்டில் நின்ற 21 பேரில் 14 பேர் அல்சாஸ்காரர்கள், பிரெஞ்சுக் குடிமக்கள். அதில் 13 பேர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள்.

தண்டனை வந்ததும் அல்சாஸ் கொதித்தது: எங்கள் பிள்ளைகளை எதிரிக்கு விட்டுக்கொடுத்தது யார், இப்போது தண்டிப்பது யார்? சில நாட்களிலேயே நாடாளுமன்றம் அந்த 13 பேருக்கும் பொதுமன்னிப்புச் சட்டம் போட்டது. இப்போது ஒராதூர் கொதித்தது. அரசு கொடுத்திருந்த விருதைத் திருப்பி அனுப்பினார்கள். மன்னிப்புக்கு வாக்களித்த உறுப்பினர்களின் பெயர்களைப் பலகையில் எழுதி, எரிந்த கிராமத்தின் வாசலில் மாட்டினார்கள். பல ஆண்டுகள் அது அங்கேயே தொங்கியது.

அல்சாஸின் தலைநகரான ஸ்திராஸ்பூர்கில் 1936இல் திறந்த போர் நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. ஒரு தாய், மடியில் சாகும் இரண்டு மகன்கள். ஒருவன் ஜெர்மனிக்காகவும் ஒருவன் பிரான்ஸுக்காகவும் போர் செய்தவர்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் எவன் எவன் என்று பார்த்துச் சொல்ல முடியாது. சிற்பி இருவருக்கும் சீருடை போடவில்லை. மற்ற ஊர்களின் சின்னங்களில் 'பிரான்ஸுக்காக இறந்தவர்கள்' என்று பொறித்திருக்கும். இங்கே 'நம் இறந்தோருக்கு' என்று மட்டும்.